இலைங்கிற கிச்சன், உடம்புக்குள்ள ஓடுற பவர் ஹவுஸ்: பிறந்ததுல இருந்து யூஸ் பண்ற கஸ்டமரோட நீளமான ரிவ்யூ

மூணு வாரமா என் டேபிள் மேல ஒரு கண்ணாடி டம்ளர் இருக்கு. அதுக்குள்ள தண்ணி, தண்ணிக்குள்ள ஒரு சாண் நீளத்துக்கு ஹைட்ரில்லா, மீன் தொட்டில போடுவாங்களே அந்த தண்ணிச் செடி, தண்டோட அடிப்பக்கத்தை சாய்வா வெட்டி, வெட்டுவாய் மேல பாக்கற மாதிரி தலைகீழா ஒரு கூழாங்கல்லைக் கட்டி முக்கி வச்சிருக்கேன். பக்கத்துல டேபிள் லேம்ப். லேம்ப்பைப் போட்டு அஞ்சு நிமிஷம் ஆனதும் அந்த வெட்டுவாய்ல ஊசிமுனை அளவுக்கு ஒரு குமிழி எட்டிப் பாக்கும், அப்படியே உருண்டு கடுகு சைஸுக்கு வரும், சட்டுன்னு பிச்சுக்கிட்டு மேல போகும், அடுத்தது எட்டிப் பாக்கும். நான் எண்ணினேன். லேம்ப் ஒரு சாண் தூரத்துல இருந்தா நிமிஷத்துக்கு 24 குமிழி, மூணு சாண் தள்ளி வச்சா 5. அணைச்சுட்டா கொஞ்ச நேரத்துல சுத்தமா நின்னுடும், அடுப்பை அணைச்ச மாதிரி.

அந்தக் குமிழியைப் பாத்துப் பாத்துதான் இதை எழுதியே ஆகணும்னு தோணுச்சு. வாங்கின செருப்புக்குக்கூட நாலு வரி ரிவ்யூ எழுதுறோம். நம்ம சாப்பிடறது எல்லாத்தையும் சமைக்கிற கிச்சன் ஒண்ணு, அதை உடம்புக்குள்ள கரண்ட்டா மாத்தற பவர் ஹவுஸ் ஒண்ணு, ரெண்டையும் ஒரு செகண்ட்கூட விடாம யூஸ் பண்ணிக்கிட்டே இருக்கோம், அதுக்கு ரெண்டு நல்ல வார்த்தை யாராவது எழுதணுமில்ல. நல்லதும் எழுதுறேன், குறையும் எழுதுறேன்.

முதல்ல சரக்கு எங்கிருந்து வருதுன்னு சொல்லிடறேன், இங்கதான் நிறைய பேர் தப்பா நினைக்கிறோம். மரம் மண்ணைத் தின்னுதான் வளருதுன்னு நானும் ரொம்ப நாளா நம்பிட்டு இருந்தேன். வான் ஹெல்மாண்ட்னு ஒருத்தர், 1600கள்ல இருந்தவர், இதை எடை போட்டே பாத்துட்டார். 200 பவுண்டு காய்ஞ்ச மண்ணு, அதுல 5 பவுண்டு வில்லோ கன்னு, அஞ்சு வருஷம் தண்ணி மட்டும் ஊத்தினார். மரம் 169 பவுண்டுக்கு வந்துடுச்சு. மண்ணைத் திருப்பிக் காய வச்சு எடை போட்டா குறைஞ்சது ரெண்டே அவுன்ஸ்! அப்போ மிச்சம் எல்லாம் தண்ணிதான்னு அவர் முடிவு பண்ணினார், அந்தக் கணக்கு 1648ல அச்சுல வந்தப்ப அவர் உயிரோட இல்ல. பாதி சரி, பாதி தப்பு. இன்னொரு முக்கியமான ஐட்டம் அவர் கண்ணுக்கே தெரியல, ஏன்னா அது காத்து. கார்பன் டை ஆக்சைடு. ஒரு மரத்தைத் தட்டினா டக்டக்னு சத்தம் கேக்குதே, அந்தக் கெட்டியான கட்டைல பெரும்பங்கு காத்துல இருந்து இறங்கினது. இதைப் படிச்ச அன்னிக்கு நான் வீட்டுக் கதவை ரெண்டு தடவை தட்டிப் பாத்தேன்.

பாருங்க, சரக்கு வாங்கற விதத்துலயே இந்தக் கிச்சனுக்கு முழு மார்க். காத்துல கார்பன் டை ஆக்சைடு இருக்கறதே பத்தாயிரத்துல நாலு பங்குதான், அதைப் பொறுக்கி எடுத்து சமைக்கணும். அதுக்கு இலைக்கு அடில குட்டிக் குட்டி ஜன்னல் வச்சிருக்கு, இலைத்துளைன்னு சொல்வாங்க, ரெண்டு பக்கமும் உதடு மாதிரி ரெண்டு செல்லு, உப்பினா தொறக்கும் சுருங்கினா மூடும். ஆனா ஜன்னலைத் தொறந்தா சரக்கு உள்ள வர்ற நேரத்துல தண்ணி வெளிய ஓடிடும், ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு உள்ள வர்றதுக்கு நூத்துக்கணக்கான தண்ணி மூலக்கூறு ஆவியா போயிடுது. கள்ளிச்செடி இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு, பகல் வெயில்ல ஜன்னலை இறுக்க மூடிக்கும், ராத்திரி குளுகுளுன்னு இருக்கறப்ப தொறந்து சரக்கை வாங்கி அமிலமா மாத்தி ஸ்டாக் வச்சுக்கிட்டு, மறுநாள் பகல்ல வெளிச்சத்துல சமைக்கும். ராத்திரி சந்தைக்குப் போயிட்டு வந்து பகல்ல சமைக்கிற ஆளு. அன்னாசியும் இதே கட்சிதான்.

அடுப்பு சூரியன். கிட்டத்தட்ட 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கு, வெளிச்சம் வந்து சேர 8 நிமிஷம் 20 செகண்ட். இலைல இருக்கற பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் நல்லா இழுத்துக்கும், பச்சையைத்தான் அதிகமா திருப்பி அனுப்பும், அதனாலதான் இலை நமக்குப் பச்சையா தெரியுது, அதாவது நம்ம ரசிக்கிற அந்தப் பச்சை நிறம் கிச்சன் வேணாம்னு திருப்பி விட்ட வெளிச்சம். எங்கெல்மான்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி 1882ல இதை அழகா காமிச்சார். ஒரு பாசி இழை மேல வானவில் மாதிரி பிரிச்ச வெளிச்சத்தை விழ வச்சு, ஆக்சிஜன் எங்க இருக்கோ அங்க ஓடுற பாக்டீரியாவை சுத்தி விட்டார், அதுங்க எல்லாம் சிவப்பு பக்கமும் நீலப் பக்கமும் போய் மொய்ச்சிடுச்சு, பச்சைப் பக்கம் ஈ ஓட்டிட்டு இருக்கு. எந்தக் கவுண்டர்ல சமையல் நடக்குதுன்னு கூட்டத்தை வச்சே கண்டுபிடிச்சிட்டார்!

வெளிச்சம் விழுந்ததும் முதல் வேலை தண்ணியை உடைக்கறது. தண்ணி ரொம்ப பிடிவாதமான மூலக்கூறு, சாமான்யத்துல பிரியாது, இலைக்குள்ள மாங்கனீஸ் வச்ச ஒரு சின்ன மெஷின் அதை ஒவ்வொண்ணா பிரிக்குது. ஹைட்ரஜன் பக்கம் இருக்கற எலக்ட்ரானும் புரோட்டானும் கிச்சனுக்கு, ஆக்சிஜன் குப்பைத் தொட்டிக்கு. என் டம்ளர்ல மேல வர்ற குமிழி அந்தக் குப்பைதான். அந்த ஆக்சிஜன் தண்ணில இருந்து வர்றதுதான், கார்பன் டை ஆக்சைடுல இருந்து இல்லன்னு 1941ல ரூபன், கேமன்னு ரெண்டு பேர் குழு, கனமான ஆக்சிஜனை அடையாளமா வச்சுக் காட்டினாங்க. கிச்சன் கழிவை வாங்கி நம்ம மூச்சு விடறோம், அந்தக் கழிவு இல்லன்னா சில நிமிஷம்கூட தாங்க மாட்டோம். கழிவுக்கே அஞ்சு ஸ்டார் கொடுக்கற ஒரே ஹோட்டல் இதுவாதான் இருக்கும். 1771ல ப்ரீஸ்ட்லி மெழுகுவர்த்தி எரிஞ்சு அணைஞ்ச காத்துக்குள்ள ஒரு புதினாத் தண்டை வச்சார், பத்து நாள் கழிச்சு அதே காத்துல மெழுகுவர்த்தி திரும்ப எரிஞ்சுது. அது வெளிச்சம் இருந்தாதான் நடக்கும், பச்சையா இருக்கற பாகத்துல மட்டும்தான் நடக்கும்னு இங்கன்ஹவுஸ் 1779ல சொன்னார். என் லேம்ப்பை ஆன் ஆஃப் பண்றப்பல்லாம் அவர் ஞாபகம்தான்.

இப்போ குறைக்கு வரேன். மெயின் குக் ரொம்ப ஸ்லோ. ருபிஸ்கோன்னு ஒரு என்சைம், அதுதான் காத்துல இருக்கற கார்பனைப் பிடிச்சு சர்க்கரைப் பாதைல கோத்து விடற ஆளு, செகண்டுக்கு சுமார் மூணு மூலக்கூறுதான் பிடிக்கும். எதோட ஒப்பிட்டு ஸ்லோங்கறேன்னா, நம்ம ரத்தச் சிவப்பணுல கார்பானிக் அன்ஹைட்ரேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அதே கார்பன் டை ஆக்சைடை வெளிய அனுப்ப உதவற ஆளு, செகண்டுக்கு 10 லட்சம் அளவுக்குத் தள்ளும். வெளிய தள்றவன் 10 லட்சம், உள்ள சேக்கறவன் மூணு. அதோட இந்த குக் அடிக்கடி ஆர்டரை மாத்திப் பிடிச்சிடுவார், கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலா ஆக்சிஜனைப் பிடிச்சிடுவார், அப்புறம் அந்தத் தப்பை சரி பண்ண தனியா எனர்ஜி செலவு, ஏற்கனவே கோத்த கார்பன்ல கொஞ்சம் நஷ்டம். வெயில் ஏற ஏற தப்பும் கூடும்.

ஸ்லோவான குக்கை வச்சு எப்படி ஓட்டறாங்கன்னா, ஆள் எண்ணிக்கையைக் கூட்டி. நிறைய செடிங்கள்ல இலைல கரையற புரதத்துல பாதி வரைக்கும் ருபிஸ்கோதான் இருக்கும், உலகத்துலயே அதிகமா இருக்கற புரதம் இதுதான்னு சொல்றாங்க. சோளம், கரும்பு மாதிரி செடிங்க வேற ரூட். அதுங்க குக்கை ஒரு உள் ரூம்ல உக்கார வச்சு, வெளி ரூம்ல வேற ஒரு ஆள் கார்பன் டை ஆக்சைடை சேத்து சேத்து உள்ள தள்ளிக்கிட்டே இருப்பார், குக் தலையை நிமிந்து பாத்தா சுத்தி கார்பன் டை ஆக்சைடுதான், தப்பா பிடிக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. சி4ன்னு பேரு, ஹாட்ச், ஸ்லாக் ரெண்டு பேரும் 1966ல இதை விளக்கினாங்க. எனக்குக் கரும்புத் தோட்டத்தைப் பாத்தா இப்பல்லாம் மரியாதையா இருக்கு. குக்கைத் திட்டாம அவர் தப்பு பண்ணாத மாதிரி ரூமை மாத்திக் கட்டியிருக்கு.

வெளிச்சத்துல எவ்வளவு சாப்பாடா மாறுதுன்னு கேட்டீங்கன்னா, பெரும்பாலான பயிர்ல 1, 2 சதவீதம். கணக்குப்படி அதிகபட்சம்னு பாத்தா சாதாரண வகைக்கு 4.6, சி4 வகைக்கு 6. நம்பரா கேக்க சின்னதா இருக்கும். நான் இதுக்கு மார்க் குறைக்க மாட்டேன். இந்த மெஷின் மழைல நனையுது, புழு கடிச்சா மிச்சத்தை வச்சு ஓட்டுது, உடைஞ்ச பாகத்தை அதுவே செஞ்சுக்குது, விதையா மாறி தன்னையே இன்னொண்ணா போட்டுக்குது. இவ்வளவும் அந்த 1, 2 சதவீதத்துக்குள்ள.

இந்தக் கிச்சன்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது நைட் ஷிஃப்ட். பகல்ல சமைச்ச சர்க்கரைல ஒரு பங்கை இலை மாவுச்சத்தா மாத்தி எடுத்து வச்சுக்கும், ராத்திரி முழுக்க அதை உடைச்சு உடைச்சு சாப்பிடும். அராபிடாப்சிஸ்னு ஒரு குட்டிச் செடி, ஆராய்ச்சிக்காரங்க எல்லாத்துக்கும் அதைத்தான் பிடிப்பாங்க, அதுல பாத்திருக்காங்க, விடியறப்ப ஸ்டாக்ல சுமார் 95 சதவீதம் காலி. முன்னாடியே தீர்ந்தா பட்டினி, நிறைய மிச்சம் வச்சா வளர்ச்சி போச்சு, ரெண்டும் இல்லாம கரெக்டா காலைல தீர்ற மாதிரி செலவு பண்ணும். இன்னும் இருக்கு. ஆராய்ச்சிக்காரங்க லைட்டை வழக்கத்தை விட சில மணி நேரம் முன்னாடியே அணைச்சிட்டாங்க, திடீர்னு ராத்திரி. செடி என்ன பண்ணுச்சு தெரியுமா, இருக்கற ஸ்டாக்கை விடியற வரைக்கும் இருக்கற நேரத்தால வகுத்து, செலவைக் குறைச்சுக்கிச்சு, அன்னிக்கும் காலைலதான் தீர்ந்துச்சு. மூளை கிடையாது, நரம்பு கிடையாது, வகுத்தல் கணக்கு போடுது! மாசக் கடைசி வரைக்கும் சம்பளத்தைக் கொண்டு போறதுல இந்த இலையை யாரும் மிஞ்ச முடியாது.

மாவுச்சத்தை நானே பாக்கணும்னு ஒரு தொட்டிச் செடி இலைல குறுக்கால கருப்புக் காகிதப் பட்டை ஒட்டி, ரெண்டு நாள் இருட்டுல வச்சிட்டு அப்புறம் ஒரு முழு நாள் வெயில்ல வச்சேன். பறிச்சு, வெந்நில வாட்டி, ஸ்பிரிட்டை நேரடித் தீல காட்டாம சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள்ள வச்சு அதுல இலையைப் போட்டா பச்சை முழுக்க கரைஞ்சு இலை வெளிறிப்போன காகிதம் மாதிரி ஆயிடும். அது மேல அயோடின் சொட்டு விட்டேன். வெயில் பட்ட இடம் எல்லாம் கருநீலமா ஏறுது, பட்டை ஒட்டின இடம் மட்டும் டீ கறை மாதிரி லேசான பழுப்புல நிக்குது, ஓரம் ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி. வெளிச்சம் விழுந்த இடத்துல சமைச்சிருக்கு, விழாத இடத்துல அடுப்பே பத்தல. அந்த இலையை இன்னும் நோட்டுக்குள்ள வச்சிருக்கேன்.

அடுத்து டெலிவரி. செடில இருந்து நேரா வாங்கினா நல்ல விலை, கை மாற மாற கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பு ஆன கதைதான். புல்லை வெட்டுக்கிளி தின்னா புல்லுல இருக்கற எனர்ஜில சுமார் பத்துல ஒரு பங்குதான் வெட்டுக்கிளி உடம்பா மாறும், வெட்டுக்கிளியைத் தின்ன தவளைக்கு அதுல பத்துல ஒண்ணு, தவளையைத் தின்ன பாம்புக்கு அதுலயும் பத்துல ஒண்ணு. மிச்சம் எல்லாம் ஓடினது, மூச்சு விட்டது, சூடா போனது, செரிக்காம வெளிய வந்தது. லிண்டமன்னு ஒரு இளைஞர் இந்தக் கணக்கை ஒரு ஏரியை வச்சு எழுதினார், 1942ல அது அச்சுல வர்றதுக்கு முன்னாடியே 26 வயசுல போயிட்டார், அதை நினைச்சா இப்பவும் மனசு கஷ்டமாயிடுது. புலி ஏன் மான் அளவுக்கு இல்ல, கழுகு ஏன் குருவி அளவுக்கு இல்லங்கறதுக்கு பெரும்பாலும் இதுதான் பதில், அந்த உயரத்துக்கு டெலிவரி வர்றப்ப பொட்டலத்துல ஒண்ணும் மிச்சமில்ல. நீலத் திமிங்கலம் புத்திசாலித்தனமா இடைத்தரகர்களை வெட்டி விட்டுடுச்சு. மிதக்கற பாசியைத் தின்ற, இறால் மாதிரி இருக்கற குட்டி கிரில்லை அது நேரா அள்ளிடுது, அதனாலதான் அவ்வளவு பெரிய உடம்பைத் தாங்குது.

கஸ்டமர்ஸ் வெரைட்டி பாக்கணும் நீங்க. ஹம்மிங்பேர்ட் பறக்கறப்ப இதயம் நிமிஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல துடிக்கும், பகல் பூரா தேன் குடிச்சாலும் யானைப் பசிக்கு சோளப்பொரிதான், ராத்திரி அப்படியே விட்டா காலைல உயிர் இருக்காது, அதனால பல ராத்திரி உடம்பு சூட்டையே இறக்கிட்டு இதயத்தை நிமிஷத்துக்கு ஐம்பது அளவுக்குக் கொண்டு வந்து, பவர் சேவிங் மோட்ல தூங்கும். மரத்துல தொங்கிக்கிட்டே வாழ்ற ஸ்லாத் அதுக்கு நேர் எதிர், தின்ன இலை செரிக்கவே வாரக்கணக்கு, அவசரமே கிடையாது. பாண்டாவுக்கு மாமிசம் தின்ற குடும்பத்தோட குட்டைக் குடல், ஆனா ஆர்டர் பண்றது மூங்கில், தின்னதுல ஐஞ்சுல ஒண்ணுகூட செரிக்காது, அதனால ஒரு நாள்ல பாதி நேரம் தின்னுகிட்டே இருக்கணும். மலைப்பாம்பு மாசக்கணக்கா ஒண்ணும் வாங்காது, வாங்கின அன்னிக்கு உடம்பையே மாத்திக்கும், இதயத் தசைகூட ரெண்டு மூணு நாள்ல 40 சதவீதம் பெருத்துடும், செரிச்சதும் திரும்ப சுருங்கிடும். பசு புல்லைத் தின்னுதுன்னு சொல்றோம், ஆனா புல்லோட நார்ச்சத்தை உடைக்கற சாமர்த்தியம் பசுவுக்கு இல்ல, இரைப்பைல குடியிருக்கற நுண்ணுயிரிங்கதான் உடைச்சுக் கொடுக்குது.

எல்லாருக்கும் கடைசில அதே பவர் ஹவுஸ்தான். ரெண்டாவது சர்வீஸுக்கு வந்தாச்சு, செல்லுக்குள்ள இருக்கற குட்டி உறுப்பு, மைட்டோகாண்ட்ரியா. சர்க்கரையை நேரடியா தசைக்கோ மூளைக்கோ கொடுத்தா அதுங்க வாங்காது, ஏடிபிங்கற சில்லறையா மாத்திக் கொடுக்கணும். ஒரு குளுகோஸ் மூலக்கூறுக்கு சுமார் 30 சில்லறை கிடைக்கும். ஆக்சிஜன் இல்லாம அவசரத்துக்கு மாத்தினா ரெண்டே ரெண்டுதான், மாடிப்படி நாலு மாடி ஒரே ஓட்டமா ஏறினா தொடை எரியறப்ப அந்த ரெண்டு ரூபா கவுண்டர்ல கூட்டம் நெரியுதுன்னு அர்த்தம். நம்ம உடம்புல எந்த நேரத்துலயும் கைல இருக்கற ஏடிபி சுமார் 50 கிராம்தான். ஆனா ஒரு நாளைக்கு செலவாகறது கிட்டத்தட்ட நம்ம எடை அளவுக்கு! அதே சில்லறை செலவாகித் திரும்ப வந்து திரும்ப செலவாகி, ஒரே நாள்ல ஒவ்வொண்ணும் ஆயிரம் தடவை கிட்ட சுத்துது.

அந்தச் சில்லறையை அச்சடிக்கற மெஷினைப் பத்தி எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. உண்மையிலேயே சுத்தற சக்கரம் அது, சும்மா உவமை இல்ல. ஒரு சவ்வுக்கு ஒரு பக்கம் புரோட்டானை அணைல தண்ணி மாதிரி தேக்கி வைக்குது, ஒரே ஒரு வழியா திறந்து விடுது, புரோட்டான் பாயறப்ப நடுத்தண்டு கிறுகிறுன்னு சுத்துது, செகண்டுக்கு நூறு சுத்துக்கு மேலயும் போகும், ஒரு சுத்துக்கு மூணு ஏடிபி. புரோட்டான் அணைங்கற யோசனையைச் சொன்ன பீட்டர் மிட்செலை முதல்ல நிறைய பேர் நம்பல, அப்புறம் 1978ல நோபல் கொடுத்தாங்க. 1997ல ஜப்பான்ல ஒரு குழு அந்தத் தண்டு மேல ஒளிர்ற இழையை ஒட்டி, மைக்ராஸ்கோப்புல அது சுத்தறதை நேர்லயே பாத்துட்டாங்க. இன்னொரு விஷயம், இதே டர்பைன், சின்னச் சின்ன வித்தியாசத்தோட, இலை செல்லுக்குள்ள பச்சையத்தை வச்சிருக்கற பசுங்கணிகத்துலயும் இருக்கு. கிச்சன்லயும் அதே மெஷின், பவர் ஹவுஸ்லயும் அதே மெஷின். ரோஜாச் செடிக்கும் அதே, எனக்கும் அதே.

செடிக்கு ரெண்டும் உண்டு, இதைத் தனியா சொல்லியாகணும், ஏன்னா பகல்ல செடி ஒரு மாதிரி ராத்திரி வேற மாதிரின்னு ஒரு குழப்பம் பல பேருக்கு இருக்கு. செடிலயும் மைட்டோகாண்ட்ரியா இருக்கு, 24 மணி நேரமும் ஓடுது, செடியும் நம்மள மாதிரியே மூச்சு விடுது. பகல்ல கிச்சன் வேகமா ஓடறதால ஆக்சிஜன் மிஞ்சுது, அவ்வளவுதான். சமைக்கறவங்களும் சாப்பிடணும்ல.

பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா, இந்த ரெண்டு யூனிட்டும் ஒரு காலத்துல தனித்தனியா ஊர் சுத்திட்டு இருந்த பாக்டீரியா. வேற ஒரு செல்லுக்குள்ள வாடகைக்கு வந்த மாதிரி வந்து, அப்புறம் போகவே இல்ல. இன்னமும் சொந்தமா டிஎன்ஏ வச்சிருக்கு, பழைய வீட்டுப் பத்திரத்தை பத்திரமா வச்சிருக்கற மாதிரி. லின் மார்குலிஸ் 1967ல இதை எழுதினப்ப பல பத்திரிகைங்க வேணாம்னு திருப்பின கட்டுரை அது. நமக்கு இருக்கற மைட்டோகாண்ட்ரியா அம்மா வழில வருது, அம்மாவுக்கு அவங்க அம்மா வழில, அப்படியே பின்னாடி போய்க்கிட்டே இருக்கலாம். அம்மா கைச் சமையல்னு சொல்றோம்ல, அதைச் செரிச்சு எனர்ஜியாக்கற அடுப்பும் அம்மா கொடுத்ததுதான்.

பவர் எவ்வளவுன்னா, சும்மா உக்காந்திருக்கற ஒரு ஆள் 80ல இருந்து 100 வாட், ஒரு பழைய குண்டு பல்பு அளவு, அதுல ஐஞ்சுல ஒரு பங்கை மூளையே எடுத்துக்குது. கம்மியா தெரியுதா? ஒரு கிலோ சூரியனையும் ஒரு கிலோ மனுஷனையும் பக்கத்துல வச்சு கணக்கு போட்டா மனுஷன்தான் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமா எனர்ஜி வெளியிடறான். சூரியன் பெருசா இருக்கறதால ஜெயிக்குது. நம்ம ஒவ்வொரு கிலோவும் சூரியனை விட மும்முரமா வேலை பாக்குது, அதுவும் எந்தச் சூட்டுல, 37 டிகிரில!

சூரியனே இல்லாத பிராஞ்ச் ஒண்ணும் இருக்கு. 1977ல பசிபிக் கடல்ல கலாபகஸ் தீவுகள் பக்கத்துல, சுமார் 2500 மீட்டர் ஆழத்துல, ஆல்வின்ங்கற நீர்மூழ்கில போனவங்க வெந்நீர் ஊத்து பக்கத்துல ஒரு கூட்டமே வாழ்றதைப் பாத்தாங்க. ரெண்டு மீட்டர் வரை வளர்ற குழாய்ப்புழு, வளர்ந்ததுக்கு வாயும் கிடையாது குடலும் கிடையாது, உடம்புக்குள்ள இருக்கற பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடை வச்சு சமைச்சுப் போடுது. அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, அந்த வாயு. வெளிச்சமே வேணாம்னு ஓடற கிச்சன்னு நானும் ஆச்சரியப்பட்டேன், அப்புறம்தான் கவனிச்சேன், அந்த சல்பைடை எரிக்க அதுக்கும் ஆக்சிஜன் வேணும், அந்த ஆக்சிஜன் மேல வெயில்ல பாசியும் செடியும் வெளிய விட்டது. அவ்வளவு ஆழத்துலயும் என் டம்ளர் குமிழியோட சொந்தக்காரங்கதான் சப்ளை.

வீனஸ் ஃப்ளைட்ராப்பைப் பத்தி ஒரு தப்பை மட்டும் சரி பண்ணிடறேன். அது ஈயைப் பிடிக்கறது எனர்ஜிக்காக இல்ல, சாப்பாட்டை அது மத்த செடி மாதிரி வெயில்லதான் சமைக்குது, மண்ணுல நைட்ரஜன் சத்து கம்மி, அதுக்குத்தான் ஈ. கஸ்குட்டா மாதிரி கொடிங்க கிச்சனையே இழுத்து மூடிட்டு பக்கத்து செடில குழாய் போட்டு உறிஞ்சுது, அதுக்கு என்கிட்ட மார்க் இல்ல. எலிசியா குளோரோட்டிகான்னு ஒரு கடல் நத்தை இருக்கு, ஓடு கிடையாது, பாசியைத் தின்னுட்டு அதுல இருக்கற பசுங்கணிகத்தை மட்டும் செரிக்காம தன் உடம்புல மாசக்கணக்கா வச்சுக்குது, பாக்கவே இலை மாதிரி பச்சையா இருக்கும். ஹோட்டலுக்குப் போனவர் சாப்பிட்டுட்டு அடுப்பையும் தூக்கிட்டு வந்துட்டார்.

பில் செட்டில்மெண்ட் எப்படின்னு சொல்லாம ரிவ்யூ முழுசாகாது. உடம்பு இளைச்சா அந்தக் கொழுப்பு எங்க போகுதுன்னு கேட்டா வேர்வை, சூடு, கழிவுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க, நானும் வேர்வைன்னுதான் நினைச்சேன். மீர்மன், பிரவுன்னு ரெண்டு பேர் 2014ல கணக்கு போட்டுக் காட்டினாங்க, 10 கிலோ கொழுப்பு எரிஞ்சா 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடா மூச்சுல போயிடுது, மிச்சம் 1.6 கிலோதான் தண்ணி. வான் ஹெல்மாண்ட் மரத்துக்குள்ள வந்ததும் காத்து, நம்ம இடுப்புல இருந்து போறதும் காத்து. மூக்கு வழியாதான் பில் கட்டறோம்.

இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி ஒரு ஸ்ட்ராவை எடுத்து டம்ளர் தண்ணிக்குள்ள விட்டு, செடி ஆடாம, ரெண்டு நிமிஷம் மெதுவா ஊதினேன். லேம்ப் அதே ஒரு சாண் தூரத்துல. தண்ணி அடங்கற வரைக்கும் காத்திருந்துட்டு எண்ண ஆரம்பிச்சேன், 24ன்னு நின்னுட்டு இருந்தது 31 வந்துச்சு. நம்ப முடியாம இன்னொரு தடவை எண்ணினேன், 30. இப்போ தினமும் காலைல பல்லு விளக்கினதும் அதுக்கு ரெண்டு நிமிஷம் ஊதிட்டுதான் மத்த வேலை, நேத்து புதுசா ஒரு கிளை விட்டிருக்கு, அரை விரல் நீளம் இருக்கும், இளம்பச்சை.